டிவியை இரண்டாவது திரையாக்கினால் 33 என்பது 88 மாதிரி தெரிகிறது, வழி சொல்லுங்கள்

ஈரோடு_கணக்கு

வணக்கம். ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இரண்டு ஜவுளிக்கடை, ஒரு மஞ்சள் மண்டி, ஒரு அச்சகம், அப்புறம் சில சில்லறைக் கடைகள். மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து வரும் கொள்முதல் பட்டியல், வரும். 20ஆம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். நடுவில் இருக்கும் நாட்களில் டாலி கணக்கு மென்பொருளில் ஏற்றிய கொள்முதல் பில்லையும் 2பி எக்செல்லில் வந்திருப்பதையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பதுதான் வேலை. லேப்டாப் திரை 15.6 அங்குலம். ஆல்ட்-டேப் தட்டி அந்தப் பக்கம் போவதற்குள் இந்தப் பக்கம் பார்த்த தொகை மறந்துவிடுகிறது.

ஹாலில் 32 அங்குல எல்இடி டிவி இருக்கிறது. எச்டி ரெடி, ஸ்மார்ட் எல்லாம் கிடையாது. பகலில் அதை யாரும் போடுவதில்லை. சரி, இதையே இரண்டாவது திரையாக்கிக்கொள்ளலாம் என்று எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி மாட்டினேன். படம் உடனே வந்துவிட்டது. அதை வைத்து வேலை செய்யத்தான் முடியவில்லை.

நான்கு ஓரமும் வெட்டுப்படுகிறது. டாஸ்க்பார் பாதிதான் தெரிகிறது, எக்செல்லில் வரிசை எண் வரும் இடது ஓரம் கண்ணிலேயே படவில்லை. எழுத்து, மழையில் நனைந்த பில் மாதிரி கலங்கி இருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணில் 15 இடம், தமிழ்நாட்டு எண் என்றால் 33 என்று தொடங்கும். டிவியில் அது 88 என்றுதான் படிக்க வருகிறது. வித்தியாசத் தொகைகளைச் சிவப்பில் குறித்து வைப்பது என் வழக்கம். அந்தச் சிவப்பு பக்கத்துக் கட்டம் வரை கசிகிறது.

சாயங்காலம் இன்னொரு கூத்து. ஏழு மணிக்கு மாமியார் ரிமோட்டை எடுத்து செட்டாப் பாக்ஸுக்கு மாற்றி சீரியல் போட்டதும், டிவி பக்கம் திறந்து வைத்திருந்த எக்செல் எங்கே போனது என்றே தெரியவில்லை. கீழே டாஸ்க்பாரில் பெயர் இருக்கிறது, அழுத்தினால் ஒன்றும் வருவதில்லை. சீரியல் முடியும் வரை நான் காத்திருக்க வேண்டுமா?

கடைசியாக ஒரு பயம். கேபிள் மாட்டியிருக்கும்போது லேப்டாப்பின் உலோக ஓரத்தில் மணிக்கட்டு பட்டால் சுருசுருவென்று இருக்கிறது. முதல் தடவை மாட்டும்போது சின்னதாக ஒரு பொறியும் பறந்தது.

வயர்லெஸ்ஸில் போடலாம் என்று கேபிள் விற்ற கடையிலேயே சொன்னார்கள். டிவியில் செருகும் ஒரு குச்சியை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். நான் மவுஸை நகர்த்தி நிறுத்திய பிறகுதான் அம்புக்குறி சாவகாசமாக வந்து சேர்கிறது.

இது சரியாகிற விஷயமா, இல்லை தனியாக மானிட்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா? விண்டோஸ் 11, லேப்டாப்பில் எச்டிஎம்ஐ ஒன்று இருக்கிறது.


மதுரை_டிவி_சர்வீஸ்

மேடம், எழுத்து, ஓரம் எல்லாம் அப்புறம். முதலில் அந்தச் சுருசுருப்பு.

உங்கள் லேப்டாப் சார்ஜர் ப்ளக்கில் இரண்டு கம்பியா, மூன்று கம்பியா? மூன்று என்றால், அதைச் செருகியிருக்கும் பிளக் பாயிண்டில் எர்த் உயிரோடு இருக்கிறதா? பல வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. சார்ஜருக்குள் இரைச்சலை அடக்குவதற்காக ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். 230 வோல்ட் பக்கத்தையும் லேப்டாப்புக்குப் போகும் பக்கத்தையும் அது இணைக்கிறது. அதன் வழியாகத் துளித்துளியாக மின்சாரம் லேப்டாப் உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அங்கே இறங்கிவிடும். இல்லையென்றால் உங்கள் மணிக்கட்டு வழியாக இறங்கப் பார்க்கும். டிஜிட்டல் மீட்டர் வைத்துப் பார்த்தால் நூறு வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டும். மீட்டரைப் பார்த்து மிரள வேண்டாம், போகிற மின்சாரம் மில்லி ஆம்பியருக்கும் கீழே. ஆனால் சுருசுருப்பாக இல்லாமல் உதறித் தள்ளுகிற மாதிரி அடித்தால் அது வேறு கதை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இப்போது பொறி. உங்கள் செட்டாப் பாக்ஸுக்குத் தெருவிலிருந்து கேபிள் வருகிறதா? அந்தக் கேபிளின் வெளிப்பின்னல், தெருவில் இருக்கும் அத்தனை வீட்டு பாக்ஸையும், கம்பத்தில் தொங்கும் ஆம்ப்ளிஃபயரையும் ஒன்றாகக் கட்டிப்போட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கசிவு. அது பாக்ஸ் வழியாக டிவி உடம்புக்கு வந்து உட்கார்ந்திருக்கும். லேப்டாப் உடம்பில் ஒரு அளவு, டிவி உடம்பில் ஒரு அளவு. இரண்டையும் எச்டிஎம்ஐ கேபிள் சந்திக்க வைக்கும் நொடியில்தான் பொறி. அந்த நொடியில் டிவியிலோ லேப்டாப்பிலோ எச்டிஎம்ஐ சிப் போய்விடலாம். "டிவி நன்றாக ஓடுகிறது, ஒரு போர்ட் மட்டும் செத்துவிட்டது" என்று எனக்கு வரும் செட்டுகளில் பல இந்தக் கேஸ்தான். ஐப்பசி இடி மின்னலில் வருவது தனி.

அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். டிவி, பாக்ஸ், லேப்டாப் மூன்றின் ப்ளக்கையும் எடுத்துவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பாக்ஸில் இருக்கும் தெருக் கேபிளைத் திருகிக் கழற்றுங்கள். எச்டிஎம்ஐயை இரண்டு பக்கமும் செருகுங்கள். அப்புறம் எல்லா ப்ளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில், எர்த் உள்ள மூன்று பின் போர்டில் போடுங்கள். தெருக் கேபிள் கடைசி. மாட்டியதைத் தினமும் கழற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

ஓரம் வெட்டுவது டிவியின் பழைய குணம். பிக்சர் ட்யூப் காலத்தில் படத்தை ஃபிரேமை விடக் கொஞ்சம் பெரிதாகவே விரித்துவிடுவார்கள், ஓரத்தில் கோணல்மாணல் தெரியாமல் இருக்க. 2006-க்கு அப்புறம் அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குல கலர் டிவி வரைக்கும் அந்தப் பழக்கத்துக்கு அர்த்தம் இருந்தது. பேனல் டிவிக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் கம்பெனிக்காரர்கள் விடவில்லை. ரிமோட்டில் பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் பட்டனை அழுத்துங்கள். எல்ஜி என்றால் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங் என்றால் 'ஸ்க்ரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்', மற்ற செட்டுகளில் 'டாட் பை டாட்' அல்லது 'பாயிண்ட் டு பாயிண்ட்' என்று இருக்கும். வெறும் 16:9 என்பதை வைத்தால் ஓரம் வெட்டும். இந்த செட்டிங் எச்டிஎம்ஐயில் சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பல டிவிகளில் கண்ணில் படும், கேபிள் சேனலில் இருந்துகொண்டு தேடினால் கிடைக்காது.


நெல்லை_சிஸ்டம்_அட்மின்

அக்கா, எழுத்து கலங்குவதற்கு நான் சொல்கிறேன். மேலே அண்ணன் சொன்னபடி ஓரத்தைச் சரிசெய்தாலே பாதி கலக்கம் போய்விடும், ஏனென்றால் படத்தை இழுத்து விரிப்பதே கலக்கம்தான். மீதிப் பாதிக்குக் காரணம் "எச்டி ரெடி" என்ற அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது. 32 அங்குல எச்டி ரெடி பேனலில் பெரும்பாலும் 1366×768 புள்ளிகள்தான் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் கேட்டால் டிவி கூசாமல் "1920×1080 அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லும். வாங்கி, உள்ளே சுருக்கி, 768 வரியில் திணித்துக் காட்டும். சினிமாவுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு புள்ளி அகலக் கோடுகளால் ஆன 3-க்கும் 8-க்கும் அந்தச் சுருக்கலில் வாய் மூடிப்போகும்.

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய் டிவியைத் தேர்ந்தெடுத்து ரெசல்யூஷனை 1366×768 அல்லது 1360×768 ஆக்குங்கள். 1366 என்ற எண் 8-ஆல் வகுபடாது, அதனால் சில கிராபிக்ஸ் டிரைவரில் 1360 மட்டும்தான் வரும். ஓரத்தில் ஆறு புள்ளி கருப்பாக இருந்தால் போகட்டும்.

மாற்றியதோடு நிறுத்திவிடாதீர்கள், இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயைத் திறந்தால் 'டெஸ்க்டாப் மோட்', 'ஆக்டிவ் சிக்னல் மோட்' என்று இரண்டு இருக்கும். முதலாவதில் 1366×768, இரண்டாவதில் 1920×1080 என்று இருந்தால், விண்டோஸ் படத்தைப் பெரிதாக்கி அனுப்புகிறது, டிவி அதைத் திரும்பச் சுருக்குகிறது. கலக்கம் இரட்டிப்பு. அதே பக்கத்தில் டிஸ்ப்ளே அடாப்டர் ப்ராப்பர்டீஸ், அதற்குள் 'லிஸ்ட் ஆல் மோட்ஸ்'. அதிலிருந்து 768 உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் சிக்னலும் மாறும். உங்கள் டிவி எச்டிஎம்ஐயில் 768-ஐ ஏற்கவில்லை என்றால் லேப்டாப்பில் விஜிஏ இருக்கிறதா என்று பாருங்கள். 1987-இல் வந்த பழைய வழிதான், சத்தம் போகாது, ஆனால் விஜிஏயில் 1360×768-ஐ வாங்கிக்கொள்ளும் டிவிகள் உண்டு.

சிவப்பு கசிவது வேறு சங்கதி. டிவிக்கள் வெளிச்சத்தை முழுசாகவும் நிறத்தை அதைவிடக் குறைந்த நுணுக்கத்திலும் கையாள்கிறவை. கருப்பு எழுத்து தப்பித்துவிடும். வெள்ளையில் சிவப்பு, நீலம் மாட்டிக்கொள்ளும். டிவியின் இன்புட் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐயின் பெயரை 'பிசி' என்று மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். வெறும் பெயர் மாற்றம் போலத் தோன்றும், ஆனால் பல டிவிகளில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நிறக் குறைப்பையும் மற்ற ஜோடனைகளையும் நிறுத்துகிறது. மவுஸ் தாமதமும் குறையும். ஷார்ப்னஸை முடிந்தவரை கீழே இறக்குங்கள். அதை ஏற்றினால் எழுத்து கூர்மையாகும் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி வெள்ளை நிழல்தான் விழும்.

சீரியல் பிரச்சினைக்கு: மாமியார் சேனலை மாற்றினாலும் கேபிள் செருகியே இருப்பதால், டிவி இன்னும் இருக்கிறது என்றே லேப்டாப் நினைக்கும். எக்செல் அங்கேதான் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாத பக்கத்தில். டாஸ்க்பாரில் எக்செல்லை ஒருமுறை அழுத்திவிட்டு விண்டோஸ்-ஷிஃப்ட்-இடது அம்பு தட்டுங்கள், லேப்டாப்புக்குத் தாவி வந்துவிடும். மொத்தமாகவே இழுத்துக்கொள்ள வேண்டுமென்றால் விண்டோஸ்-பி தட்டி 'பிசி ஸ்க்ரீன் ஒன்லி'. காலையில் அதே விண்டோஸ்-பி, 'எக்ஸ்டெண்ட்'. 'டூப்ளிகேட்' பக்கம் போக வேண்டாம். இரண்டு திரைக்கும் பொதுவான ஒரு அளவைப் பிடித்து லேப்டாப்பையும் கெடுத்துவிடும்.

எதை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. 32 அங்குலம் பெரியது என்று நினைக்கிறோம். உங்கள் லேப்டாப் 1920×1080 ஆக இருந்தால் அதில் ஒரு அங்குலத்துக்கு 141 புள்ளி, டிவியில் 49. எக்செல் வரிசை ஒன்று சாதாரணமாக 20 புள்ளி உயரம். 1080-க்கும் 768-க்கும் வித்தியாசம் 312, அதாவது டிவியில் 15 வரிசை குறைவாகத் தெரியும். லேப்டாப்பில் ஸ்கேல் (எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு) 125 சதவீதம் என்று இருந்தால் இந்த வித்தியாசம் ஐந்து வரிசைக்குக் குறையும், அவ்வளவுதான். ஆக டிவியில் இடம் அதிகம் கிடைக்காது, எழுத்துதான் பெரிதாகும். தட்டச்சு செய்கிற டாலி லேப்டாப்பிலேயே இருக்கட்டும். சும்மா பார்த்து ஒப்பிடுகிற 2பி டிவிக்குப் போகட்டும், எக்செல்லில் மேலே இருக்கும் பட்டன் பட்டையை (ரிப்பன்) சுருக்க கன்ட்ரோல்-எஃப்1.


கோவை_வீடியோ_எடிட்டர்

நான் 43 அங்குல 4கே டிவியைத்தான் மானிட்டராக வைத்திருக்கிறேன், கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு. அதில் அங்குலத்துக்கு 102 புள்ளி. சாதாரண 24 அங்குல மானிட்டரை விட நெருக்கம். அதனால் "டிவி என்றாலே எழுத்து மங்கும்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், மங்குவது பழைய எச்டி ரெடிதான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது 4கே டிவி வாங்கக் கிளம்பினால் ஒன்று கவனிக்கவும். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்தால் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் போகும், மவுஸ் தத்தித் தத்தி நடக்கும். 60 வேண்டுமென்றால் 2.0 வேண்டும், அது 2013-இல் வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் பல வருடம் 1.4 போர்ட்டோடேயே லேப்டாப்கள் வந்துகொண்டிருந்தன. அதில் டைப்-சி இருந்து, அந்த டைப்-சி படமும் அனுப்பும் வகையாக இருந்தால், 2.0 அடாப்டர் போட்டுத் தப்பிக்கலாம். எல்லா டைப்-சியும் படம் அனுப்பாது. டிவி பக்கமும் ஒரு பூட்டு இருக்கும்: சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் ப்ளஸ்', எல்ஜியில் 'டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்'. அதைத் திறந்துவிட்டால்தான் 60-உம் முழு நிறமும் ஒன்றாக வரும்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு இதெல்லாம் தேவையில்லை. பில் பார்க்கிற வேலைக்கு 22 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்று போதும், அங்குலத்துக்கு 100 புள்ளி கிடைக்கும். இருக்கிற டிவியோடு மல்லுக்கட்டுவதை விட அதுதான் புத்திசாலித்தனம்.


ஈரோடு_கணக்கு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மதுரை அண்ணா கேட்டது சரி. சார்ஜர் மூன்று பின், ஹால் போர்டில் எர்த் வயர் பின்னால் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து திருகி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். சுருசுருப்பு நின்றுவிட்டது. தெருக் கேபிளைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ மாட்டினேன், பொறி இல்லை.

டிவியில் 'பாயிண்ட் டு பாயிண்ட்' இருந்தது, எச்டிஎம்ஐயில் இருக்கும்போது மட்டும்தான் காட்டியது. ஓரம் முழுசாக வந்துவிட்டது. நெல்லைத் தம்பி சொன்ன அந்த ஆக்டிவ் சிக்னல் சங்கதி அப்படியே இருந்தது, மேலே 1366, கீழே 1920. பட்டியலில் 1360×768 எடுத்தேன், 33 இப்போது 33. சிவப்பு மட்டும் முழுசாகச் சரியாகவில்லை. இந்த டிவியில் இன்புட்டுக்குப் பெயர் மாற்றும் வசதியே இல்லை. அதனால் சிவப்பு எழுத்தை விட்டுவிட்டு, கருப்பு எழுத்துக்குப் பின்னால் மஞ்சள் கட்டம் போட ஆரம்பித்திருக்கிறேன். நன்றாகத் தெரிகிறது. மஞ்சள் மண்டிக்காரருக்கும் பிடிக்கும்.

கோவை சகோதரர் சொன்ன மானிட்டர் பற்றி: வாங்கலாம்தான். ஆனால் இதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியன் கூலியோடு முடிந்தது, அந்த எர்த்தை எப்படியும் பார்த்தாக வேண்டியிருந்தது. இரண்டு மாதம் இதில் ஓட்டிப் பார்க்கிறேன்.

மிச்சம் இரண்டு சந்தேகம். வாடிக்கையாளர் வீடியோ காலில் பேசினால் அவர் குரல் டிவியில் வருகிறது, வீடு முழுக்கக் கேட்கிறது. ஒருவருடைய வரவு செலவு ஊருக்கே தெரியக் கூடாது இல்லையா. இன்னொன்று, டிவி ஷோகேஸுக்கு மேலே சுவரில் உயரமாக மாட்டியிருக்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது.


நெல்லை_சிஸ்டம்_அட்மின்

சத்தம் சுலபம் அக்கா. எச்டிஎம்ஐ படத்தோடு சத்தத்தையும் தூக்கிக்கொண்டு போகும். டாஸ்க்பார் ஓரத்தில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, பக்கத்து அம்புக்குறியில் லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். திரும்பத் திரும்ப டிவிக்கே ஓடினால் செட்டிங்ஸ், சவுண்டில் டிவியைத் திறந்து 'டோன்ட் அலோ' கொடுத்துவிடுங்கள். செட்டாப் பாக்ஸ் சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சீரியல் வழக்கம்போல் கேட்கும்.

மஞ்சள் கட்டம் நல்ல யோசனை. வெளிர் மஞ்சளாக வையுங்கள்.


மதுரை_டிவி_சர்வீஸ்

கழுத்துக்கு: திரையின் மேல் ஓரம் கண் மட்டத்துக்கு வர வேண்டும், அதற்கு மேலே போனால் வலிக்கத்தான் செய்யும். டிவியோடு வந்த கால்கள் வீட்டில் எங்கேயாவது கிடக்கும், தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் மேஜை ஸ்டாண்ட் தனியாக விற்கிறது. வாங்குவதற்கு முன் டிவி முதுகில் இருக்கும் நான்கு திருகுத் துளைகளின் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 32 அங்குலத்தில் பெரும்பாலும் 100×100, 200×100, 200×200 மில்லிமீட்டர், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். திருகு நீளமாக இருந்தால் உள்ளே பேனல் வரை இறங்கிவிடும், எனவே சுவர் மாட்டியில் இப்போது இருக்கும் அதே திருகையே போடச் சொல்லுங்கள். இறக்கும்போது எச்டிஎம்ஐயை முதலில் கழற்றிவிடுங்கள். கேபிளோடு தூக்கினால் போர்ட் ஆடிவிடும்.